திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வழியில் முல்லைத்தீவுக்குத் திரும்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு உப்புவெளியில், நிலாவெளி றோட்டுக் கரையில் இருக்கிறது. மனைவிக்கு ஊர் முல்லைத்தீவுப் பக்கத்து முள்ளியவளை. அதனால் வருடத்தில் நாலைந்து தடவையாவது கரையோரப் பாதையால் வடக்கே ஏறி இறங்குகிறோம். இது தெரிந்த சொந்தக்காரர்கள், அவர்களின் சிநேகிதர்கள், லண்டனிலிருந்து லீவுக்கு வரும் மருமக்கள் எல்லாரும் கோணேசர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு யாழ்ப்பாணம் கிளம்பும் முதல்நாள் இரவுதான் போன் எடுப்பார்கள். "மாமா, அந்தக் காட்டு றோட்டால போகலாமே?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆகவே எழுதி வைத்திருக்கிறேன்.

எந்தப் பாதையைச் சொல்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்துக்கு எல்லாரும் போவது ஹொரவப்பொத்தானை, வவுனியா பிடித்து ஏ9 வீதியில் ஏறும் வழி. நான் சொல்வது கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நேரே வடக்கே போவது. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய்ச் சந்தி, புல்மோட்டை. அங்கே கொக்கிளாய்க் களப்பு (கடலோடு சேரும் உப்புநீர் ஏரி) குறுக்கே கிடக்கும். அதைச் சுற்றிக்கொண்டு மணலாற்றுப் பக்கம் ஏறி, கொக்குத்தொடுவாயில் இறங்கினால் பிறகு நாயாறு, செம்மலை, அளம்பில், சிலாவத்தை, முல்லைத்தீவுப் பட்டினம். மணலாறும் வெலிஓயாவும் ஒன்றுதான். பெயர்ப்பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம், இரண்டு மொழியிலும் அர்த்தமும் ஒன்றே.

எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அதுவரை தார் றோட்டு, ஒரு மணித்தியாலம், கூடினால் ஒன்றேகால். புல்மோட்டைக்குப் பிறகு கிலோமீட்டரை எண்ணிப் பயனில்லை, பொழுதைத்தான் பார்க்க வேண்டும். முல்லைத்தீவு வரை நிற்காமல் ஓடினால் மூன்று மணித்தியாலத்துக்குள் வந்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நிற்காமல் ஓடுவதானால் வவுனியாவால் போங்கள், அந்த றோட்டு இதைவிட நல்லது.

காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு, முல்லைத்தீவில் மத்தியானச் சாப்பாடு, பொழுது படுமுன் பரந்தன் சந்தி என்பது என் கணக்கு. பத்து மணிக்குப் பிறகு வெளிக்கிடுகிறவர்கள் இந்தப் பாதையை மறந்துவிடுவது நல்லது.

போனில் வரைபடம் பார்த்தால் புல்மோட்டையும் கொக்கிளாயும் பக்கத்தில்தானே இருக்கின்றன? ஏன் சுற்ற வேண்டும்?

கல்யாணமான புதிதில் நானும் இதைத்தான் கேட்டேன். பெண் வீட்டுக்கு முதன்முதலாகத் தனியாக வான் ஓட்டிப் போகிற வீறாப்பு வேறு. போன் வரைபடத்தில் கடலும் களப்பும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. றோட்டு என்று நினைத்துப் புல்மோட்டையைத் தாண்டி மணலுக்குள் இறக்கினேன். கோடு முடிந்த இடத்தில் தண்ணீர் கிடந்தது. எதிர்க்கரையில் கொக்கிளாய்த் தென்னைகள் தெரிகின்றன, ஒருவர் வலை காயப்போடுவதுகூடத் தெரிகிறது. வானின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்துவிட்டது. கரையில் இருந்த ஐயா ஒருவர் பீடியை அணைத்துவிட்டு வந்து கேட்டார்: "தம்பி, பாலம் எங்க எண்டு தேடுறீரோ? நாங்களும் கனகாலமாத் தேடுறம்." நாலு பேர் தள்ளி, சக்கரத்தின் கீழே தென்னமட்டை வைத்து வானை எடுத்தார்கள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மாமியாருக்கென்று கொண்டுபோன பயற்றம் பணியாரப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

முகத்துவாரத்தைச் சனங்கள் தோணியில் கடக்கிறார்கள். வாகனம் போகப் பாலம் இல்லை. ஆகவே புல்மோட்டையில் மேற்கே திரும்பிக் களப்பைச் சுற்றத்தான் வேண்டும். திரும்பும் இடத்தைக் கடையில் வாய்விட்டுக் கேளுங்கள். போன் சொல்லும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

எந்த மாதம் போகலாம்?

சித்திரையிலிருந்து ஆவணி வரை. நிலாவெளிக் கடல் சாதுவாக இருப்பதும், நாயாற்றில் கரைவலைக்காரர் வாடி (ஓலைக் குடில்) போட்டிருப்பதும் அப்போதுதான். வைகாசி, ஆனி என்றால் பாலைப்பழமும் கிடைக்கும். றோட்டுக்கரையில் கோப்பையில் அளந்து விற்பார்கள். பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரால் கழுவிப் போகாது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

ஆடியில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும். வெயிலும் புழுதியும் சேர்ந்து வானுக்குள் எல்லார் தலையும் நரைத்துவிடும். ஐப்பசி தொடங்கினால் வாடை மழை. களப்பு நிரம்பி, ஆறுகள் றோட்டின் மேலால் பாய்கிற காலம் அது. கார்த்திகை, மார்கழியில் இந்தப் பாதையால் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் ஒன்றும் சொல்வதில்லை, அவர்களுடைய மனைவியுடன் பேசுகிறேன்.

ஆனால் பறவை பார்க்கிறவர்களுக்கு மழைக்காலத்தின் கடைசிப் பகுதிதான் வாய்ப்பு. கொக்கிளாய்க் களப்பு 1951 இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மழை விட்ட தை, மாசியில் வெளிநாட்டிலிருந்து வரும் பறவைகளும் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் தண்ணீர் வற்றும் சேற்றில் நிற்கும்.

புல்மோட்டை வரை வழியில் என்ன பார்க்கலாம்?

புறாமலைத் தீவுக்குப் படகில் போவது தனி ஒரு நாளின் வேலை, இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் அநுராதபுரம் றோட்டுப் பக்கம், வழியில் இல்லை.

திரியாயில் குன்றின் மேல் கிரிகண்டு சேயா இருக்கிறது. பழைய பௌத்தத் தலம். வட்டமான தாதுகோபத்தைச் சுற்றிக் கல்தூண்கள் வரிசையாக நிற்கும். பாறையில் கிரந்த எழுத்தில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. கடலோடி வந்த வணிகர்களோடு இந்த இடத்தைச் சேர்த்துச் சொல்லும் கதை பழையது. படியேற மூச்சு வாங்கும், ஆனால் மேலே நின்றால் காடு, வயல், கடல் மூன்றும் அடுக்காகத் தெரியும்.

புல்மோட்டையில் ஒரு விஷயத்தை எல்லாரும் தவறவிடுகிறார்கள். கரை மணல் கறுப்பு. இங்கே இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் எல்லாம் கலந்த கனிய மணல் உண்டு. அதை அள்ளிப் பிரிப்பதற்காக 1957 இல் அரசாங்கக் கூட்டுத்தாபனம் உருவாக்கினார்கள். கையில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், சாதாரண மணலைவிடப் பாரமாக இருக்கும். வெயிலில் மினுங்கும். காலில் ஒட்டினால் உதறினாலும் போகாது, எங்கள் வான் பாய்க்குக் கீழே இன்னும் கிடக்கிறது. இல்மனைட்டிலிருந்து எடுக்கிற தைத்தேனியம் ஒட்சைட்டைத்தான் வெள்ளை பெயின்டுக்குப் போடுகிறார்கள். கன்னங்கரேல் என்ற மணல் உலகத்துச் சுவர்களையெல்லாம் வெள்ளையாக்கப் போகிறது, மணல் கிடக்கும் ஊரில் பெயின்ட் பூசாத வீடுகள்தான் கூட. ஆலைப் பகுதிக்குள் கண்டபடி நுழையவோ மணலைப் போத்தலில் அடைத்துக்கொண்டு வரவோ கூடாது. பக்கத்திலேயே அரிசிமலைக் கரை. பெயருக்கு ஏற்றபடி மணல் அரிசிமணி போல இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கடல் இரண்டு வேலை செய்திருப்பது விளங்கும்.

களப்பைச் சுற்றும் காட்டில் யானை வருமா?

வரும். ஹொரவப்பொத்தானை வழியிலும் வரும், ஆனால் அங்கே பின்னால் பத்து வாகனம் நிற்கும், இங்கே நீங்கள் மட்டும்தான். பகலில் பெரும்பாலும் தடயத்தோடு சரி. றோட்டு நடுவே லத்தி (யானைச் சாணம்), முறித்துப் போட்ட கிளைகள். லத்தியில் ஆவி பறந்தால் வேகத்தைக் குறையுங்கள். யானையையே கண்டால் தூரத்தில் நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்க வேண்டாம், எஞ்சினை நிறுத்தவும் வேண்டாம், படம் எடுக்க ஒருவரும் இறங்க வேண்டாம். அது போகும்வரை காத்திருங்கள். மாலை ஐந்துக்குப் பிறகு இந்தத் துண்டில் இருக்கக் கூடாது என்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

ஆள் நடமாட்டமே இல்லாத காடு என்கிறார்களே, சரியா?

இந்தக் கேள்வியை நானும் ஒருகாலத்தில் கேட்டவன்தான். மனைவியின் பெரியம்மா ஒருமுறை எங்களோடு வானில் வந்தார். எனக்குக் காடாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் அவர் விரலை நீட்டிக்கொண்டே வந்தார். "இது கிணறு. அந்தப் புளியமரம் நிக்குதெல்லே, அது பள்ளிக்கூட வளவு. இந்த வேலியோட எங்கட சின்னம்மாவின்ர காணி முடியுது." எனக்கு ஒரு வேலியும் தெரியவில்லை. புதருக்குள் சீமெந்துக் கட்டு ஒன்றின் மூலை மட்டும் தெரிந்தது.

1984 மார்கழியில் தென்னமரவாடி, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஊர்களின் சனம் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டது. போர் முடிந்து மீள்குடியேற்றம் என்று திரும்பி வரும்போது கால் நூற்றாண்டு போய்விட்டது. அதற்குள் பாலையும் வீரையும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்துவிட்டன. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டு, நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தார்கள். நீங்கள் போகும் றோட்டின் கரையில்தான்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,600 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. 2012 கணக்கெடுப்பில் சனத்தொகை ஏறத்தாழ 92,000, நாட்டிலேயே குறைந்தது. ஆள் குறைவு என்பது சரி. ஆள் இல்லாத இடம் என்று மட்டும் அந்த ஊர்க் கடையில் நின்று சொல்லிவிடாதீர்கள். பெரியம்மா போன்ற ஒருவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார்.

எங்கே நிற்பது நல்லது?

எனக்கு ஒரு இடம்தான் தர முடியும் என்றால் நாயாறு. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே றோட்டு. கடற்பக்கம் தென்னோலை வாடிகள். காலை ஒன்பது மணிக்குப் போனால் கரைவலை இழுத்து முடியும் நேரம். இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கயிற்றை இடுப்பில் மாட்டிப் பின்னோக்கி நடப்பார்கள். வலையின் மடி கரைக்கு வரும்போது பெண்கள் கூடையோடு ஓடுவார்கள், அவர்களுக்கு முன்னால் காகம், அதற்கும் முன்னால் நாய். மீன் பிரிக்கும் வேகத்தைப் பாருங்கள்: சூடை ஒரு பக்கம், நெத்தலி ஒரு பக்கம், பெயர் தெரியாதது கருவாட்டுக்கு. பாயில் பரப்பிய நெத்தலி மத்தியானத்துக்குள் சருகாகிவிடும்.

நெருங்கிப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வலை இழுக்கும் கயிற்றைத் தாண்டி நடக்காதீர்கள், அது அபசகுனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தவிர, கயிறு இழுபடும்போது கால் மாட்டினால் சகுனம் பார்க்க நேரம் இருக்காது.

முல்லைத்தீவுப் பட்டினத்தில் என்ன இருக்கிறது?

ஒரு கடைத்தெரு, பஸ் நிலையம், கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்), அகலமான கடற்கரை. அவ்வளவுதான். லண்டன் மருமகன் பத்து நிமிடத்தில் சுற்றி வந்து "முடிஞ்சுதா மாமா?" என்றான். 2004 சுனாமியும் பிறகு போரும் இந்தப் பட்டினத்தை இரண்டு தடவை துடைத்தெடுத்தன. பார்க்கிற கட்டடங்களில் அநேகம் அதற்குப் பிறகு எழுந்தவை. ஒல்லாந்தர் கோட்டை ஒன்று இருந்தது. 1803 இல் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான், அதே வருடம் ஒக்டோபர் கடைசியில் கற்சிலைமடுவில் தோற்றான். அவனுக்குரிய நினைவுக்கல்லைத் தேடுகிறவர்கள் ஒட்டுசுட்டான் பக்கம் போக வேண்டும்.

கடற்கரையில் குளிக்க வேண்டாம். நிலாவெளிபோல ஆழமில்லாக் கடல் அல்ல, இறங்கிய இடத்திலேயே இழுக்கும். மீன் குழம்புச் சோறு சாப்பிடுங்கள். கடையில் என்ன மீன் என்று கேட்டால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள், அது நல்ல அடையாளம்.

வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போக நேரம் இருக்குமா?

நேரத்தை உண்டாக்குங்கள். பட்டினத்திலிருந்து கொஞ்சத் தூரம், நந்திக்கடல் களப்பின் கரையில். கண்ணகி மதுரையை எரித்த பிறகு வந்து இளைப்பாறிய இடம் என்பது ஐதீகம். மாடு மேய்த்த பொடியன்களிடம் ஒரு கிழவியாக வந்து பொங்கல் கேட்டாளாம். பொழுது பட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலையில் பேன் பார்க்கச் சொன்னாள், மயிரை விலக்கிய பொடியன் தலை முழுவதும் கண்ணாகக் கண்டான்.

அந்த உப்புநீர் விளக்கு இன்றும் உண்டு. வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முன் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். அந்த நீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும். அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளையில் பொங்கல். எங்கள் மாமியார் வீடு காட்டா விநாயகர் கோயிலுக்கு நடை தூரம். பொங்கல் கிழமையில் அந்த வீட்டில் படுக்க இடம் கிடையாது, திண்ணையிலும் முற்றத்திலும் பாய். அந்த நாட்களில் சும்மா வழிப்போக்காக வான் கொண்டு வந்தால் நிறுத்த இடமும் கிடைக்காது. நேர்த்திக்கடன் இருந்தால் வாருங்கள், சுற்றுலா என்றால் வேறு கிழமை பாருங்கள்.

முள்ளிவாய்க்கால் வழியாகத்தான் யாழ்ப்பாணம் போக வேண்டுமா?

ஆம். முல்லைத்தீவிலிருந்து வட்டுவாகல் கடந்து முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன். அது ஏ35 வீதி. பரந்தனில் ஏ9 இல் ஏறி ஆனையிறவு தாண்டினால் குடாநாடு. வட்டுவாகலில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், பட்டினத்திலேயே நிலைமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே வழியில்லை என்றால் ஒட்டுசுட்டானால் மாங்குளம் போய் ஏ9 ஐப் பிடிக்கலாம்.

மே 18, 2009 இல் போரின் கடைசியில் இங்கே இறந்தவர்களுக்கான நினைவேந்தல் நாள். அந்தக் கிழமையில் போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள். மற்ற நாட்களில் அது வெறும் றோட்டும் பனையும் சிறு வீடுகளும்தான். பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள் என்று நான் வானில் ஒருவருக்கும் சொல்வதில்லை. வட்டுவாகலில் மனைவி கையை நீட்டித் தானே நிறுத்திவிடுவாள். புதுக்குடியிருப்புச் சந்தி வந்ததும் பிள்ளைகள் திரும்பப் போடுவார்கள்.

பெற்றோல், போன் சிக்னல், மலசலகூடம்?

பெற்றோலைத் திருகோணமலையிலேயே நிரப்புங்கள். புல்மோட்டையைத் தாண்டிய காட்டுத் துண்டில் சிக்னல் வந்து வந்து போகும், வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காசைத் தாளாகக் கொண்டுபோங்கள். மலசலகூடத்துக்குப் புல்மோட்டைச் சாப்பாட்டுக் கடையில் நில்லுங்கள், தேத்தண்ணி குடித்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மேலதிக ரயரில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் கையால் அமத்திப் பாருங்கள். "இருக்கு, இருக்கு" என்று சொல்லும் மைத்துனரை நம்பாதீர்கள்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

முதுகு வலிக்காரருக்கு வேண்டாம். மற்றவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வானில் இருந்தால் பயணம் வேறு மாதிரி ஆகிவிடும்.

வாகனம் இல்லை. பஸ்ஸில் போகலாமா?

திருகோணமலைப் பஸ் நிலையத்திலிருந்து புல்மோட்டைக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து முகத்துவாரம் வரை ஆட்டோ, பிறகு தோணி, அக்கரையில் கொக்கிளாய். பிறகு முல்லைத்தீவுக்குப் பஸ்ஸைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். எங்கள் மாமனார் போர் முடிந்த பிறகு அப்படித்தான் பேரப்பிள்ளையைப் பார்க்க வந்தார். சைக்கிளையும் தோணியில் ஏற்றிக்கொண்டு. மழை நாளில், காற்று நாளில் தோணிக்காரர் தலையை ஆட்டினால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

திரும்பி வரும்போது என்ன வாங்கலாம்?

முள்ளியவளைப் பக்கம் தேன் கிடைக்கும். தெரிந்தவர் மூலம் வாங்குங்கள், றோட்டுப் போத்தல்களில் சீனிப் பாணியும் உண்டு. நாயாற்றில் நெத்தலிக் கருவாடு, வாளைக் கருவாடு. கருவாட்டை இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, அதற்கு மேல் பழைய பேப்பர் சுற்றி, வானின் பின்சீட்டுக்குக் கீழே வையுங்கள். நாங்கள் ஒருமுறை முன்னால் வைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் பெண் பார்க்கப் போன வீட்டு வாசலில் இறங்கியபோது, அவர்களின் பூனைகள்தான் எங்களை முதலில் வரவேற்றன.